ஆறடிக் கட்டில்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான், அவர், வாலு மூன்று பேரும் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? காதுக்கு வாங்கிய மெஷினை மாட்டிக்கொள்கிறீர்களா, இல்லை அது இன்னும் பட்டறை மேஜையின் இழுப்பறையில்தான் குடியிருக்கிறதா? போன வாரம் போனில், வாலு நல்லா இருக்கா என்று நான் சொன்னதற்கு, வால்வு மாத்தியாச்சு என்று பதில் சொன்னீர்கள். அதற்குமேல் போனில் பேசி என்ன பிரயோஜனம்? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. வாலுவுக்கு ஒரு கட்டில் பார்க்கலாமா என்று யோசனை. ஒன்பது வயது முடிந்துவிட்டது. இன்னும் தரையில்தான் மெத்தை போட்டுப் படுக்க வைக்கிறோம். உங்களுக்குத் தெரியாததா, கை கால் திடீரென்று வெட்டி இழுக்கும்போது சாதாரணக் கட்டிலில் இருந்தால் உருண்டு விழுந்துவிடுவாள். தானாக உட்காரவும் வராது, விழப்போகிறேன் என்று சொல்லவும் வராது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தனியாகக் கட்டில் செய்கிறார்கள் என்று, வாலுவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் டீச்சர் சொன்னார். இருபத்தெட்டு வருஷமாக ஆஸ்பத்திரிக் கட்டில்களோடு குடித்தனம் நடத்தும் அண்ணன் இருக்கும்போது நான் வேறு யாரைக் கேட்பேன்?

அவசரம் ஒன்றுமில்லை. நேரம் கிடைக்கும்போது பாருங்கள். பொங்கல் சீசன் ஆனதால் தையல் வேலை குவிந்து கிடக்கிறது. இந்தக் கடிதத்தைக்கூட நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை


ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். காது மெஷின் இழுப்பறையில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. உனக்கு உளவு சொன்னது உன் அண்ணிதான் என்பதும் தெரியும்.

அவசரம் ஒன்றுமில்லை என்று நீ எழுதினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சின்ன வயதில் தையல் ஊசி விரலில் ஏறி நின்றபோதும் இதையேதான் சொன்னாய். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடப்போகிறாயா?

கட்டிலுக்கு வருகிறேன். நான் பழுது பார்ப்பதெல்லாம் பெரியவர்கள் படுக்கிற கட்டில். அதன் பக்கக் கம்பிகளுக்கு நடுவே சின்னத் தலை ஒன்று சுலபமாகப் போய் மாட்டிக்கொள்ளும். யாராவது பழையது ஒன்றைச் சும்மா கொடுக்கிறேன் என்றாலும் வாங்கிவிடாதே. வாலுவுக்கு வேண்டியது நாலு பக்கமும் உயரமாக, உள்ளே இடித்தால் வலிக்காததாக இருக்க வேண்டும். மெத்தைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே என் முஷ்டி நுழையக்கூடாது. ராத்திரிக்குத் தரையை ஒட்டி இறங்க வேண்டும், நீ துணி மாற்றும்போது உன் இடுப்பு உயரத்துக்கு ஏறி வர வேண்டும். கரண்ட் போனாலும் இறங்க வேண்டும்.

எனக்குச் சில அளவுகள் வேண்டும். வாசற்கதவின் அகலம், அறையின் நீள அகலம், தரையிலிருந்து உன் இடுப்பு எத்தனை அங்குலம், வாலுவின் நீளம், கட்டிலின் உள் நீளம் எவ்வளவு வேண்டும் என்பது. உள் நீளம் என்றால் மெத்தை கிடக்கிற நீளம், சட்டம் சேராது. தையல்காரிக்கு அளவெடுக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

எல்லாம் அளந்துவிட்டேன். கதவு இரண்டே முக்கால் அடி. அறை பத்துக்குப் பன்னிரண்டு, அதில் என் தையல் மெஷின் ஜன்னலோரம் மூன்றடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் இடுப்பு உயரம் முப்பத்தாறு அங்குலம். அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால்கூட இவ்வளவு விசாரிக்கவில்லையே என்று சிரித்தார். வாலு மூன்றடி பத்து அங்குலம். கட்டிலின் உள் நீளம் ஆறடி வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள், அண்ணா. கூண்டு மாதிரி வேண்டாம். டீச்சர் ஒரு படம் காட்டினார். சுற்றிலும் கெட்டித் துணிச் சுவர், உள்ளே பிள்ளை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வாலு நாள் முழுக்க என் மெஷினைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பவள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் சிரிப்பாள், நூல் அறுந்து நான் நிறுத்தினால் முறைப்பாள். எனக்கு மேஸ்திரியே அவள்தான். அவளுக்கு நான் தெரிய வேண்டும், எனக்கு அவள் தெரிய வேண்டும்.

இந்த மாதிரிக் கட்டில்களை ஒரு அறக்கட்டளை கொடுக்கிறதாம். அலுவலகம் உங்கள் ஊரில்தான். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். வீட்டு நிலைமையைப் பார்க்க மாதத்துக்கு ஒரு தடவை குழந்தைகள் நலத் துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்து எதையோ குறித்துக்கொண்டு போகிறார். அது எல்லார் வீட்டுக்கும் வருகிறதுதான்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 19

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணியின் முழங்கால் தேவலை. என் மானம்தான் போயிற்று. எப்படி என்று சொல்கிறேன்.

கட்டிலை வெளியே நின்று பார்த்து வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்பது என் கட்சி. படுக்கப்போகிறவள் உள்ளேயிருந்துதானே பார்ப்பாள்? மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒவ்வொன்றிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, முழங்காலை மடக்கி, வாலுவின் தலை எங்கே வருமோ அங்கே என் வழுக்கையை வைத்துப் படுத்தேன். முதல் கடையில் நீ பயந்த அதே துணிச் சுவர். எனக்குத் தெரிந்தது கூரையும் ஒரு பல்லியும்தான். இரண்டாவது கடையில் கம்பி. வெளியே தெரிகிறது, ஆனால் எதைப் பார்த்தாலும் கோடு கோடாகத் தெரிகிறது.

மூன்றாவதில் பக்கங்கள் முழுக்கக் கண்ணாடி மாதிரி தெளிவான பலகை, உடையாத ரகம். விளிம்பெல்லாம் மெத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் இரட்டைக் கதவாகத் திறக்கிறது. மோட்டார் இருக்கிறது, கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறது. முஷ்டியை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை. படுத்தபடியே கடைக்காரப் பெண்ணின் முகத்திலிருந்து செருப்பு வார் வரைக்கும் தெரிந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததால் கண் அசந்துவிட்டேன். அந்தப் பெண் பத்துத் தடவை கூப்பிட்டதாம், என் காதில் விழவில்லை. பயந்துபோய் முதலாளியை அழைத்து வந்துவிட்டது. எழுந்தபோது என்னைச் சுற்றி நாலு பேர்.

அறக்கட்டளையும் இந்த மாதிரிதான் கொடுக்கிறார்களாம். படிவத்தை நானே பூர்த்தி செய்து கொடுத்துவிட்டேன். நீ நிம்மதியாக இரு.

உன் அண்ணன்


மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. கட்டிலில் தூங்கிய கதைக்காவது நாலு வரி கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். தையல் வேலை அதிகமா? ஒரு கார்டு போடு.

உன் அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த டிரிப் கிளம்புவதற்குள் பஸ் ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். நான் எழுதியது உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம்.

அவளுக்கு இடுப்பு போன அக்டோபரிலிருந்தே சரியில்லை. வாலு இருபத்து மூன்று கிலோ. தரையிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தூக்குகிறாள். இந்த மாதம் நாலாம் தேதி நான் டூட்டியில் இருந்தேன். பிள்ளையைத் தூக்கி நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, கை விட்டுப்போய்விட்டது. வாலுவுக்கு உதடு கிழிந்தது, வேறு ஒன்றுமில்லை. அவள்தான் அன்றிலிருந்து படுக்கையில் இருக்கிறாள். நான் டூட்டியைப் பாதியாக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கிறேன்.

மறுநாள் அதிகாரியம்மா வந்து பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். வாலுவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது நல்லது என்று எழுதப்போகிறார். ஜூலை முதல் வாரம் முடிவு செய்யத் திரும்ப வருவார். அதற்குள் தூக்காமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஏற்பாடு இருந்தால்தான் பிள்ளை இங்கே இருக்கும். கட்டில் எந்த மட்டில் இருக்கிறது, மச்சான்? அவள் வெளியே அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், சும்மா சொல்கிறேன்.

நல்ல சேதி. அறக்கட்டளையிலிருந்து சம்மதக் கடிதம் வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியிலேயே கட்டில் உன் வீட்டுக்கு வரும். நான் பார்த்த அதே தெளிவான பலகை, அதே மோட்டார். நீளத்தில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். நீ ஆறடி என்று எழுதியிருந்தாய். தையல்காரி புத்தி எங்கே போகும், வளர்கிற பிள்ளைக்குத் துணி விட்டு வெட்டுகிற மாதிரி அளவெடுத்திருக்கிறாய். மூன்றடி பத்து அங்குலப் பிள்ளைக்கு நாலரை அடி தாராளம் என்று படிவத்தில் மாற்றி எழுதிவிட்டேன். நாலரை அடிக் கட்டில் அவர்கள் கிடங்கில் தயாராக நிற்கிறது, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

உங்கள் இருவரின் சுகத்தையும் விசாரித்துக்கொள்கிறேன். அவர் உங்களுக்கு எழுதியதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். ரகசியம் அவர் வயிற்றில் இரண்டு நாள் தங்காது. நான் மறைத்தது தப்புதான். எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயந்தேன். என் பிள்ளையை என் கையாலேயே கீழே போட்டேன், அண்ணா. இந்த வார்த்தையில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். இந்த நாலரை அடிக் கட்டில் எனக்கு வேண்டாம்.

வாலு பிறந்தபோது பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரிசா எதையும் முன்கூட்டியே வாங்கி வைக்காதீங்கம்மா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தைக்கிறேன். வளர்கிற பிள்ளை, உள்ளே ரெண்டு இன்ச் விட்டுத் தைங்க என்று ஒவ்வொரு தாயும் சொல்லிவிட்டுப் போவாள். நானும் விட்டு மடித்துத் தைத்துக் கொடுப்பேன். என் மகளுக்கு மட்டும் ஒன்பது வருஷமாக ஒரு கவுனில்கூட ஒரு விரற்கடை அதிகம் விட்டதில்லை. இன்றைக்கு என்ன அளவோ அந்த அளவுக்கே வெட்டுவேன். நாளைக்கு என்று துணி விட என் கத்தரி நகர்ந்ததே இல்லை.

போன டிசம்பரில் ஒரு புது டாக்டரைப் பார்த்தோம். நெஞ்சுப் படம், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, "இவ பெரிய பொண்ணா வளருவா. இப்பவே வீட்டை அதுக்குத் தயார் பண்ணிக்கோங்க" என்றார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. நான் வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அதற்கு அடுத்த மாதம்தான் உங்களுக்குக் கட்டில் கேட்டு எழுதினேன்.

ஆறடி என்று எழுதியது தையல் பழக்கத்தில் இல்லை. என் மகளுக்கென்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கூடுதலாக விட்டது அதுதான். அதை நீங்கள் வெட்டிவிட்டீர்கள்.

நாலரை அடியை மறுத்தால் ஜூலைக்குள் வேறு கிடைக்குமா என்பது தெரியாது. கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

தங்கை


ஏப்ரல் 16

என் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் அண்ணி ஒரு தடவைதான் படித்தாள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவள் பேசாதது எனக்கு நன்றாகவே கேட்டது.

தையல்காரி புத்தி என்று நான் எழுதினேனே, அது பொய். உன்னிடம் கிண்டல் செய்தால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். படிவத்தில் உள் நீளம் என்ற இடத்துக்கு வந்தபோது ஆறடி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆறடி என்றால் நம் ஊர் வாயில் அடுத்து வருவது மண்தானே. அந்தச் சொல்லை நம் வாலுவின் பெயருக்கு நேராக எழுதவா? பேனாவை மூடிவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நாலரை என்று எழுதிவிட்டு, கிடங்கில் தயாராக இருக்கிறதாமே, இதுதான் புத்திசாலித்தனம் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். நீ அந்தச் சொல்லில் பார்த்தது வளர்ந்து நீண்டு படுத்திருக்கும் ஒரு பெண்ணை. நான் பார்த்தது வேறு. என்னை மன்னித்துவிடு.

நேற்று அறக்கட்டளைக்குப் போனேன். பொறுப்பாளரம்மா படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "தப்பு உங்களுதா, உங்க தங்கச்சியோடதா?" என்று கேட்டார். "என்னுதுங்க" என்றேன். நீ எழுதியதில் துணி விடுகிற பத்தியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன், அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாலரையை அடித்துவிட்டு, ஆறு என்று தன் கையாலேயே எழுதினார். இனிமேல்தான் செய்ய வேண்டும், ஜூன் கடைசி ஆகும் என்றார்கள். பட்டறையிலிருந்து போகிற வழிதான், வாரா வாரம் போய் அவர்கள் வாசலில் நிற்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்கும் வழியில்லை, ஏனென்றால் நான் ஊரில் இருக்கப்போவதில்லை. அந்த வேலை உன் அண்ணிக்கு.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் நான் நீண்ட லீவு கேட்டது இதுதான் முதல் தடவை, அவரால் மறுக்க முடியவில்லை. கட்டில் வரும்வரை வாலுவைத் தூக்குவது என் வேலை. மோட்டாரைத் தூக்கிப் பழகிய கை, பயப்படாதே. நீ குனியக்கூடாது. அதிகாரியம்மா வந்தால், பிள்ளையின் மாமன் வந்திருக்கிறான் என்று சொல்.

காது மெஷினை மாட்டிக்கொண்டே வருகிறேன். வாலு சிரிப்பது எனக்குக் கேட்க வேண்டும்.

உன் அண்ணன்


ஜூலை 6

என் அன்பு அண்ணனுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? அண்ணி உங்களோடு பேசுகிறார்களா? பேசாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

நீங்கள் பத்து வாரம் என் வீட்டில் இருந்தீர்கள். வாலுவைத் தூக்கினீர்கள், துவட்டினீர்கள், அவள் முறைத்தபோதெல்லாம் என் மெஷினுக்கு நூல் கோத்துக் கொடுத்தீர்கள். ஒரு நாள்கூட நான் நன்றி என்று சொல்லவில்லை. முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை, காகிதத்தில் வருகிறது. நன்றி, அண்ணா. மனசு நிறைந்திருக்கிறது. அறக்கட்டளையம்மாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். கட்டிலைப் பொருத்திவிட்டுப் போன இரண்டு பேரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், அதுதான் குறை. உங்கள் மாப்பிள்ளை பழையபடி முழு டூட்டிக்குப் போகிறார், பாட்டுப் பாடிக்கொண்டே போகிறார், அதை மட்டும் பயணிகள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதிகாரியம்மா முந்தாநாள் வந்தார். ஒரு தடவை செஞ்சு காட்டுங்க என்றார். பொத்தானை அழுத்தினேன். வாலு கட்டிலோடு ஏறி என் இடுப்பு உயரத்துக்கு வந்தாள், மோட்டார் சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டே. பக்கத்தைத் திறந்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி வழுக்கும் துணியை அடியில் விட்டு இழுத்து, சக்கர நாற்காலிக்கு மாற்றினேன், திரும்பக் கட்டிலுக்கும் மாற்றினேன். என் முதுகு வளையவே இல்லை. அவர் இரண்டு பக்கமும் முஷ்டியை நுழைத்துப் பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். பிறகு மேஜையில் உட்கார்ந்து, இல்லத்தில் சேர்ப்பதற்கு எழுதி வைத்திருந்த தாளின் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பிள்ளை வீட்டில் இருக்கலாம் என்று எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். வாலுவின் பாதத்துக்குக் கீழே இரண்டடிக்கு மேல் மெத்தை வெறுமையாகக் கிடந்தது. வீடு சிறியது என்பதைக் கவனித்திருப்பார். நல்லதுக்குத்தான் சொன்னார், "அவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, தைக்கிற துணியெல்லாம் அங்க அடுக்கிக்கலாமே?"

"வேண்டாங்க" என்றேன். "அது அவ இடம். வந்து சேந்துருவா."

உங்கள் தங்கை